அருவாளுக்கு முன்னால் கோல்

எனக்குச் சத்தம் போட்டுப் பேசித்தான் பழக்கம். செராமிக் கம்பெனியில் மிஷின் இரைச்சலுக்கு மேலே கத்திக் கத்தித் தொண்டை இப்படி ஆகிவிட்டது என்று நான் சொல்லிக்கொள்வேன். "பொறந்தப்பவே இவ அப்படித்தான்" என்பார் என் வீட்டுக்காரர். எது உண்மையோ, நகராட்சிப் பூங்காவில் நான் வேலை பார்த்த காலம் முழுக்க என் குரல் முன்வாசலிலிருந்து பின்பக்கக் காடு வரைக்கும் கேட்கும். அப்படிப்பட்ட நான், வாயைத் திறந்தாலே அதிசயம் என்கிற ஒரு மனிதரிடம் வேலை கற்றுக்கொண்டேன். அந்தக் கதையை எழுதித் தரச் சொல்லி, அந்தக் காட்டைப் பார்த்துக்கொள்கிற எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் குழுவில் கேட்டிருக்கிறார்கள்.

கேட்டதற்குக் காரணம் உண்டு. இப்போது பூங்கா வேலை காண்ட்ராக்டுக்குப் போய்விட்டது. தோளில் மாட்டிக்கொண்டு வெட்டுகிற மிஷின் வந்திருக்கிறது. டர்ரென்று ஒரு சத்தம், முழங்கால் உயரப் புல் தரையோடு தரை. நான் பார்த்த வேலையை இப்போது பார்க்கும் சுமதி என்னிடம், "யக்கா, மிஷினு வந்துட்டுது. இனிமேட்டுக்கு எதுக்கு இந்தக் கோலும் செவப்புத் துணியும்னு எல்லாரும் கேக்குறாங்க. எனக்குச் சொல்லத் தெரியல" என்றாள். நியாயமான கேள்வி. ஒரு வரியில் பதில் சொல்ல முடியாது என்பதால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

பூங்காவுக்கு வருமுன் செராமிக் கம்பெனியில் நான் பார்த்தது பினிஷிங் வேலை. அச்சிலிருந்து எடுத்த, இன்னும் சூளையில் வேகாத பச்சைச் சாமானில் ஒட்டு வரி ஓடியிருக்கும். அதைக் கத்தியால் வழித்து, ஈர ஸ்பாஞ்சால் துடைத்து, விரலால் ஒரு சுற்றுத் தடவிப் பார்த்து அடுத்த பலகையில் வைக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத மேடு விரலுக்குத் தெரியும். அந்தக் கம்பெனி மூடியது. நகராட்சியில் தினக்கூலியாகச் சேர்ந்து, நடையாய் நடந்து, நிரந்தரமானேன். அந்தப் பாட்டை எழுதினால் பேப்பர் பத்தாது, விட்டுவிடுகிறேன்.

முதல் நாள் என்னைப் பூங்கா மேற்பார்வையாளர் ஆரோக்கியசாமியிடம் அனுப்பினார்கள். ஒல்லியான ஆள். காக்கிச் சட்டை, முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், பேண்ட் பாக்கெட்டில் எப்போதும் புடைத்துக்கொண்டு ஒரு துணிச் சுருள். யாரையும் வா, போ என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. கூலி ஆள்களுக்கும் 'ங்க'தான். தெருநாய் உள்ளே வந்தால்கூட, "அந்தாண்ட போங்க, பசங்க வெளையாடுறாங்க" என்பார். கோபம் வந்தால் மரியாதை இன்னும் ஏறும். "தவமணி அம்மா அவர்களே" என்று ஆரம்பித்தால் நான் எதையோ கெடுத்திருக்கிறேன் என்று அர்த்தம். மேலதிகாரி யார் வந்து எதைச் சொன்னாலும் அவர் பதில் ஒன்றுதான்: "செரிங்க சார்." அதுதான் எனக்குப் பிடிக்காது. இந்த ஆளுக்கு முதுகெலும்பு என்று ஒன்று இருக்கிறதா என்று சக வேலைக்காரப் பெண்களிடம் கேட்டிருக்கிறேன். சத்தமாகத்தான் கேட்டேன். அவருக்கும் கேட்டிருக்கும்.

அன்றைக்கு நடைபாதையை அடைத்துக்கொண்டிருந்த ஒரு புதரைக் காட்டினார். நான் அருவாளை எடுத்தேன். மெதுவாக என் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்துவிட்டு, ஒரு மூங்கில் கோலைக் கொடுத்தார்.

"அருவா அப்பால. மொதல்ல கோலுங்க."

வேலை முறை இதுதான். புதரின் அடியில் கோலால் மூன்று தட்டுத் தட்ட வேண்டும். ஓங்கி அடிக்கக் கூடாது, கதவைத் தட்டுவது மாதிரி. தட்டிவிட்டு நாலு எட்டுப் பின்னால் வந்து, பேசாமல் நிற்க வேண்டும். ஒரு டீ குடிக்கிற நேரம். உள்ளே இருக்கிற பாம்போ கீரியோ அரணையோ வெளியே போக வழி விட்டு நிற்க வேண்டும். பிறகு கிட்டே போய், கிளையை விலக்கி, கீழே ஒரு பார்வை, நடுவில் ஒரு பார்வை, மேலே ஒரு பார்வை. கூடு இருந்து, அதில் முட்டையோ குஞ்சோ இருந்தால், பாக்கெட்டில் இருக்கும் சிவப்புத் துணியில் ஒரு கீற்றைக் கிழித்துக் கிளையில் கட்டிவிட வேண்டும். குஞ்சு பறக்கிற வரைக்கும் அந்தப் புதரை யாரும் தொடக் கூடாது. எதுவும் இல்லை என்றால்தான் அருவாள்.

"அது வரைக்கும் சும்மா நிக்கிறதா?" என்றேன்.

"சும்மா இல்லீங்க. நிக்கிறதும் வேலைதான்" என்றார்.

சும்மா நிற்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். ஆனால் இரண்டாவது புதரைத் தட்டி நின்றபோது, என் கை நீளத்துக்கு ஒரு கண்ணாடி விரியன் நிதானமாக வெளியே வந்து வேலிப் பக்கம் போனது. முறையைப் பற்றி அப்புறம் நான் வாய் திறக்கவில்லை.

பூங்காவின் பின்பக்கம், செராமிக் வேலைக்காக எப்போதோ களிமண் தோண்டிய பெரிய பள்ளம் இருக்கிறது. தோண்டுவதை நிறுத்தியபின் சரிவெல்லாம் தானாகவே மரமும் முள்ளும் ஏறிவிட்டன. காரை, சூரை, களா, குருந்து, வெப்பாலை, உசில் என்று இந்த மண்ணுக்கே உரிய மரம் செடிகள்தான் அதிகம். அவற்றை நெரித்துக்கொண்டு சீமைக்கருவேலமும் உண்ணிச்செடியும் பரவியிருந்தன. ஊர் அதற்கு வைத்த பெயர் புதர். குப்பை கொட்டுவதற்கும், சாயங்காலம் பாட்டிலோடு ஒதுங்குவதற்கும்தான் அங்கே ஆள் போவார்கள்.

அந்தப் பள்ளத்தைத்தான் ஞாயிற்றுக்கிழமைக் குழு எடுத்துக்கொண்டது. ஆரம்பித்தவர் ஜெயந்தி டீச்சர். ஸ்கூலில் கணக்கு எடுப்பவர். செடி கொடி பற்றிப் படித்தவர் இல்லை, படிக்கப் படிக்க எங்களுக்கும் சொல்வார். அவரோடு ரயில்வே ஆள்கள் சிலர், பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஆட்டோக்காரர்கள், செராமிக் வேலைக்காரர்கள். செல்வம் என்று ஒருவர், இன்னும் ஓடுகிற வேறொரு செராமிக் கம்பெனியில் சூளைக்குச் சாமான் ஏற்றி இறக்குபவர், சீமைக்கருவேலத்தை வேரோடு பிடுங்குவதில் சூரர். "ஞாயித்துக்கெழமை வூட்டுல வேலை இல்லியா இவங்களுக்கு?" என்று முதலில் சிரித்தவள் நான்தான். மூன்று மழைக்காலம் போனபின், களாச்செடி வெள்ளை வெள்ளையாகப் பூத்து, குருந்து மரத்தில் பட்டாம்பூச்சி மொய்த்தபோது, ஞாயிற்றுக்கிழமை லீவை விட்டுவிட்டு நானும் போய் நின்றேன். யாரும் கூப்பிடவில்லை. வெட்கத்தை விட்டு நானே போனேன்.

இனி அந்தக் கோடைக் கதை.

அந்த வருஷம் மணிமுத்தாற்று மணல் காலில் ஒட்டாத அளவுக்குக் காய்ந்து கிடந்தது. காட்டில் பறவைக்கும் பிராணிக்கும் தண்ணீர் வைக்கலாம் என்று குழுவில் முடிவானது. எங்கள் ஊரில் எதற்குமே செராமிக்தான் நினைவுக்கு வரும். உடைந்த கப்பில் செடி, கோணல் ஜாடியில் உப்பு, கழித்துப்போட்ட செகண்ட்ஸ் பொம்மைதான் பிள்ளைகளுக்கு விளையாட. செல்வம் வேலை பார்த்த கம்பெனி முதலாளி, லேசாகக் கோணிப்போன கைகழுவும் பேசின்களை ஒரு டிராக்டர் நிறைய அனுப்பிவைத்தார். ஓட்டையை அடைத்து, விளிம்பு தரைமட்டத்துக்கு வரும்படி பள்ளம் பூராவும் புதைத்தோம். பளிங்கு மாதிரி வெள்ளை. முதலாளியே வந்து முதல் குடம் தண்ணீரை ஊற்றினார். எல்லோரும் கை தட்டினோம். தினமும் காலையில் தண்ணீர் நிரப்புவது என் பொறுப்பு.

கொஞ்ச நாளில் ஒரு தொட்டியில் அணில் செத்து மிதந்தது. எடுத்துப் புதைத்தேன். அடுத்து ஓர் ஓணான். அடுத்து இரண்டு அணில். அதற்கப்புறம் ஒரு காலையில், என் உள்ளங்கை அளவு கீரிக்குட்டி. அதைக் கையில் எடுத்தேன். தாய்க்கீரி காரைச் செடிக்குப் பின்னால் நின்று என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தது.

முங்கிச் செத்திருக்கும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. ஒரு சாண் ஆழத் தொட்டியில், மரத்தில் தலைகீழாக ஓடுகிற அணில் முங்குமா? வாக்கிங் வருகிறவர்கள்தான் காரணம் கண்டுபிடித்தார்கள். பாம்பு கடித்த பிராணி தாகத்துக்குத் தண்ணீர் தேடி வந்து, குடித்ததும் செத்துவிடுகிறது. அப்படியானால் காடு பூரா பாம்பு. ஆளாளுக்கு ஒரு பாம்பைப் பார்த்தார்கள். நாற்றம் வேறு. நகராட்சிக்கு மனு போனது.

புதிதாக மாற்றலாகி வந்திருந்த அதிகாரி நேரில் வந்தார். மூக்கில் கைக்குட்டை. பள்ளத்து விளிம்பில் நின்று கீழே பார்த்தார்.

"இது பார்க்கா, காடா? மொத்தத்தையும் எடுத்துடுங்க. மேல புல்லு போட்டு, நடுவுல ஒரு ஃபவுண்டன் வெச்சிரலாம்."

"சரிவுல ஜேசிபி எறங்காதுங்க சார்" என்றார் ஆரோக்கியசாமி.

"அப்ப கையால வெட்டுங்க. நாளைக்கே ஆரம்பிச்சிடணும். நான் மத்தியானம் வந்து பார்ப்பேன்."

"செரிங்க சார்."

அதிகாரியின் ஜீப் வாசலைத் தாண்டவில்லை, நான் ஆரம்பித்துவிட்டேன். "உங்களுக்கு ரோஷமே கெடையாதா? இத்தினி வருஷம் டீச்சரும் மத்தவங்களும் ரத்தத்த வேர்வையாக்கி வளத்த காடு. அந்தாளு மூக்க மூடிக்கிட்டு வந்து வெட்டுன்னா, செரிங்க சாரா? நாக்குல வேற வார்த்தையே வராதா?"

சேதி கேட்டு ஜெயந்தி டீச்சரும் செல்வமும் சாயங்காலமே ஓடி வந்துவிட்டார்கள். கலெக்டருக்கு மனு கொடுக்கலாம் என்றார் டீச்சர். மறியல் பண்ணலாம் என்றார் செல்வம். ஆரோக்கியசாமி எல்லாவற்றையும் கேட்டார். பிறகு பாக்கெட்டிலிருந்து துணிச் சுருளை எடுத்துப் பார்த்தார்.

"டீச்சர், இது பத்தாது. டைலர் கடையில செவப்புத் துண்டு கெடைக்கும், நெறைய வாங்கியாங்க. நாளைக்கு எத்தினி பேரு லீவு போட முடியுமோ போடச் சொல்லுங்க. வெட்டச் சொல்லியிருக்காரு. வெட்டிருவோம். நம்ம மொறைப்படி."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. இத்தனை வருஷமாக அந்த 'செரிங்க சார்' எங்கே போய் முடிந்தது என்று ஒரு தடவைகூட நான் பின்தொடர்ந்து பார்த்ததில்லை.

மறுநாள் விடிந்ததும் பள்ளத்தில் திருவிழாக் கூட்டம். ஆளுக்கு ஒரு கோல். சரிவின் மேல் வரிசையிலிருந்து ஆரம்பித்தோம். மூன்று தட்டு. நாலு எட்டுப் பின்னால். பேச்சு மூச்சு இல்லை. ஒரு டீ குடிக்கிற நேரம். கிளையை விலக்கிக் கீழே, நடுவே, மேலே. கோடைக்காலம் குருவிகளுக்குக் கூடு கட்டும் காலம். முதல் புதரில் கொண்டைக்குருவிக் கூடு. சிவப்புத் துணி. அடுத்ததில் தவிட்டுக்குருவி. சிவப்புத் துணி. சூரை முள்ளுக்குள் இரண்டு குச்சியை வைத்துக் கூடு என்று பேர் பண்ணிக்கொண்டு ஒரு புறா. சிவப்புத் துணி. ஒரே ஒரு உண்ணிச்செடிப் புதர் காலியாக இருந்தது. அதை மட்டும் வெட்டி ஓரமாகப் போட்டோம். காலை வெயில் ஏறியபோது சரிவெல்லாம் சிவப்பாகக் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

வாக்கிங் வந்த ஓர் அம்மாள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "எந்தச் சாமிம்மா இது? எதுனா வேண்டுதலா?" என்று என்னைக் கேட்டார்.

"குருவிச் சாமி. முட்டை வுட்டிருக்குது. சத்தம் போடாம போயிட்டு வாங்க" என்றேன். நான் ஒருத்தரைச் சத்தம் போடாதே என்று சொன்னதைக் கேட்டு ஆரோக்கியசாமியே சிரித்துவிட்டார்.

அன்றைக்கு வெட்டு வேலை என்பதால் நான் தொட்டிகளில் தண்ணீர் ஊற்றவில்லை. முந்தின நாள் ஊற்றியது வெயிலில் பாதியாகக் குறைந்து அடியில் கிடந்தது. ஜெயந்தி டீச்சர் ஒரு குருந்துப் புதரைத் தட்டிவிட்டு, ஒரு தொட்டியை ஒட்டி அசையாமல் நின்றுகொண்டிருந்தார். அணில் ஒன்று இறங்கி வந்தது. விளிம்பில் நின்று குனிந்து பார்த்தது. தண்ணீர் எட்டவில்லை. முன்காலை இன்னும் கொஞ்சம் கீழே வைத்தது. அவ்வளவுதான், சர்ரென்று உள்ளே போய்விட்டது.

கிரீச் கிரீச்சென்று பேசினின் வழவழப்பான கிளேஸ் பூச்சில் நகம் கீறுகிற சத்தம் எனக்கே கேட்டது. ஏறும், வழுக்கும், முங்கும், மறுபடி ஏறும். மரத்தில் நிற்கிற நகம் அந்த வழவழப்பில் நிற்கவில்லை. டீச்சர் முட்டி போட்டு, முந்தானையை உள்ளே விட்டு அதை வெளியே எடுத்தார். அது அவர் மடியில் கிடந்து மூச்சு வாங்கிவிட்டு ஓடிப்போனது. டீச்சர் எழுந்திருக்கவில்லை.

"நாமதான் தவமணி. பாம்பு இல்ல, ஒண்ணும் இல்ல. நாமதான் கொன்னுருக்கோம்."

எல்லோரும் சுற்றி வந்து நின்றோம். இத்தனை நாளும் அந்தத் தொட்டிகளுக்குப் பக்கத்தில் நாங்கள் எல்லோரும் நடந்திருக்கிறோம், பேசியிருக்கிறோம், போட்டோ எடுத்திருக்கிறோம். பேசாமல் நின்றது அன்றைக்குத்தான்.

யாரோ ஒருவர், "இத்த வெளிய சொல்ல வாணாம். தொட்டிய எல்லாம் பேசாம எடுத்துருவோம், சாவு நின்னுரும்" என்றார். பலரும் செல்வத்தைப் பார்த்தார்கள். பேசின் கொடுத்தது அவர் முதலாளி. ஊரறியக் கொடுத்தது. அது பிராணிகளைக் கொன்றது என்று அவர் கம்பெனி ஆளே சொன்னால் என்ன ஆகும் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. செல்வம் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

ஆரோக்கியசாமி சொன்னார்: "சொல்லாம எடுத்தோம்னா, பழி காட்டு மேலயே நிக்கும். பாம்பு இருந்துச்சு, வெட்டச் சொன்னோம், சாவு நின்னுச்சுன்னுதான் பேசுவாங்க. மிச்சத்தையும் வெட்டிருவாங்க. செல்வம், உங்க இஷ்டமுங்க. நான் கட்டாயப்படுத்த மாட்டேன்."

செல்வம் துண்டை உதறித் தோளில் போட்டார். "நான் போயி மொதலாளிகிட்டச் சொல்றேன். வேலை போனா போவுது. பெண்ணாடத்துல கரும்பு வெட்டிக்கிட்டாவது பொழைச்சுக்கிறேன்" என்று சைக்கிளை எடுத்தார்.

அதிகாரி சொன்னபடி மத்தியானம் வந்தார். சரிவு முழுக்கச் சிவப்புத் துணி, ஓரத்தில் வெட்டிப் போட்ட ஒற்றைப் புதர்.

"என்னய்யா இது? காலையிலேர்ந்து இத்தினி பேரு, ஒரே ஒரு புதரா?"

"ஆமாங்க சார். பாக்கியில கூடு இருக்குதுங்க. குஞ்சு பறந்ததும் ஒவ்வொண்ணா எடுத்துருவோம்."

"வெளையாடுறீங்களா? மெமோ குடுத்துருவேன். ரிட்டையர் ஆவுற நேரத்துல உங்களுக்கு இதெல்லாம் தேவையா?"

"குடுங்க சார். வாங்கிக்கிறேன். அதுக்கு முன்னால ஒரு டீ குடிக்கிற நேரம் அந்தத் தொட்டிகிட்ட பேசாம நில்லுங்க சார். அது போதும்."

அந்தக் குரலில் கெஞ்சல் இல்லை, மிரட்டலும் இல்லை. அதிகாரி என்ன நினைத்தாரோ, வந்து நின்றார். நாங்களும் நின்றோம். நான் வேண்டாத சாமி இல்லை. கொளஞ்சியப்பருக்குக்கூட வேண்டிக்கொண்டேன். ஓர் அணில் வரவில்லை, ஓர் ஓணான் வரவில்லை. காலையில் அத்தனை சேட்டை செய்த ஜீவன்கள் எல்லாம் எங்கே போய்த் தொலைந்தனவோ. வெயில் தலையைப் பிளந்தது. அதிகாரி கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பினார்.

"எனக்கு வேற வேலை இருக்குது."

எனக்குப் பொறுக்கவில்லை. குறுக்கே போய் நின்றேன். "சார், சொன்னா கோச்சுக்காதீங்க. கைய உள்ள வுட்டு நனைச்சுட்டு, வெரல் நுனியால மட்டும் இந்தச் சுவத்துல ஏறிப் பாருங்க. நீங்க அணிலுன்னு நெனைச்சுக்கிட்டு."

பின்னால் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். அதிகாரி என்னை முறைத்தார். ஆனாலும் உட்கார்ந்தார். சட்டைக் கையை மடக்காமலேயே கையை விட்டார். ஈர விரலைக் கிளேஸில் ஊன்றினார், வழுக்கியது. நகத்தை வைத்தார், கிரீச்சென்று வழுக்கியது. இன்னொரு பக்கம் வைத்துப் பார்த்தார். அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன்.

"செத்ததெல்லாம் இதுலயா?"

"இதுல மட்டும்தாங்க சார்" என்றார் ஜெயந்தி டீச்சர். "நாங்கதான் வெச்சோம். தண்ணி கொறைஞ்சா ஏற முடியாதுன்னு யோசிக்கல. தப்பு எங்க மேல. காட்டு மேல இல்ல."

"இதைச் சரி பண்ணா சாவு நின்னுருமா?"

"நின்னுருங்க சார்" என்றார் ஆரோக்கியசாமி.

"நிக்கலன்னா?"

"நிக்கலன்னா நானே மொத மரத்துல அருவா வெக்கிறேன்."

அதிகாரி எழுந்தார். ஈரக் கையைப் பார்த்துக்கொண்டே, "ஒரு மாசம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

செல்வம் திரும்பி வந்தபோது சாயங்காலம். தனியாக வரவில்லை, டிராக்டரில் வந்தார். முதலாளி முதலில் குதித்தாராம், "எம் பேசினையா குத்தம் சொல்ற?" என்று. கீரிக்குட்டியைப் பற்றிச் சொன்னதும் உட்கார்ந்துவிட்டாராம். பிறகு, "ஒடைஞ்ச சூளைத்தட்டு எத்தினி வேணுமோ ஏத்திக்கிட்டுப் போ" என்றாராம். சூளைக்குள் சாமான் அடுக்குகிற கனத்த தட்டு அது. தீயில் வெந்து வெந்து விரிசல் விட்டுத் தூக்கிப் போட்டது. மேலே கிளேஸ் கிடையாது, மணல் மாதிரி சொரசொரப்பு. ஒவ்வொரு தொட்டியிலும் ஒரு துண்டை, அடியிலிருந்து விளிம்பு வரை ஏணி மாதிரி சாய்த்து வைத்தோம். ஒவ்வொன்றையும் நான் விரலால் தடவிப் பார்த்தேன். விரல் நின்ற துண்டைத்தான் வைத்தேன். வழுக்கியதைத் தூக்கி எறிந்தேன். வாழ்நாளெல்லாம் வழவழப்பைத் தேடிய கை, அன்றைக்குத்தான் சொரசொரப்பைத் தேடியது.

அந்த ஒரு மாதம் நான் சரியாகச் சாப்பிடவில்லை. தினமும் விடிந்ததும் பள்ளத்துக்குள் இறங்கிவிடுவேன். முதல் தொட்டி, வெறும் தண்ணீர். அடுத்தது, வெறும் தண்ணீர். கடைசித் தொட்டி வரைக்கும் பார்த்துவிட்டுத்தான் மூச்சு வரும். ஒரு நாள் விளிம்பில் ஓர் ஓணான் கட்டை மாதிரி கிடந்தது. போச்சு, எல்லாம் போச்சு என்று கோலால் தொட்டேன். அது தலையைத் தூக்கி இரண்டு ஆட்டு ஆட்டிவிட்டு ஓடியது. "அடப் பாவி, வெயிலு காயற எடமாடா இது!" என்று நான் போட்ட சத்தத்துக்குச் செம்போத்து ஒன்று அலறிப் பறந்தது.

மாதம் முடிந்த அன்றைக்கு அதிகாரி வந்தார். அந்தத் தடவை மூக்கில் கைக்குட்டை இல்லை. யாரும் சொல்லாமலேயே அதே தொட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றார். நானும் ஆரோக்கியசாமியும் பின்னால் நின்றோம். கொஞ்ச நேரத்தில் காரைச் செடிக்குள்ளிருந்து கீரி வந்தது. அதே தாய்க்கீரிதான் என்று நான் சொல்ல முடியாது. ஆனால் அப்படித்தான் நினைத்துக்கொண்டேன். பின்னாலேயே ஒரு குட்டி. இரண்டும் சூளைத்தட்டு வழியாக இறங்கின. குடித்தன. தட்டில் காலை ஊன்றி ஏறி, எங்களை ஒரு தரம் பார்த்துவிட்டுப் போயின. எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. துடைக்கக்கூட இல்லை.

"வெட்ட வேணாம்" என்றார் அதிகாரி.

"செரிங்க சார்" என்றார் ஆரோக்கியசாமி.

அதற்கடுத்த மாதமே அவர் ஓய்வு பெற்றுப் பெண்ணாடத்தில் மகள் வீட்டுக்குப் போனார். போகும்போது மிச்சமிருந்த துணிச் சுருளை என்னிடம் கொடுத்தார். அறிவுரை எதுவும் சொல்லவில்லை. "வரேங்க" என்றார், அவ்வளவுதான். கடைசி வரைக்கும் என்னை அதட்டாமலே போய்விட்ட மனிதர்.

இப்போது நானும் ஓய்வு பெற்றாயிற்று. ஞாயிற்றுக்கிழமை தோறும் போகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை காண்ட்ராக்ட் சூப்பர்வைசர் மிஷின் ஆள்கள் இருவரோடு பள்ளத்து விளிம்புக்கு வந்தார். சின்ன வயசு, நல்ல துடிப்பு. சரிவில் நடைபாதை ஓரமெல்லாம் ஒரே நாளில் சுத்தமாக்க வேண்டுமாம்.

"அம்மா, நீங்கதான் ரிட்டையர் ஆயிட்டீங்களே. கொஞ்சம் ஒதுங்கிக்கங்க. சாயங்காலத்துக்குள்ள முடிச்சுக் குடுக்கணும்."

ஜெயந்தி டீச்சர் என்னைப் பார்த்தார். செல்வம் காதைப் பொத்திக்கொள்ளத் தயாரானார். இந்த வாய் இப்போது என்ன பேசப்போகிறதோ என்று எல்லோரும் காத்திருந்தார்கள். எனக்கும் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் அந்த நேரத்தில் ரப்பர் பூட்ஸ் போட்ட அந்த ஒல்லி மனிதர் ஞாபகத்துக்கு வந்தார்.

"செரிங்க சார்" என்றேன்.

செல்வம் திரும்பிக்கொண்டு சிரித்தார். சுமதி என் முகத்தையே பார்த்தாள். பிறகு அவளாகவே கோலை எடுத்துக்கொண்டு போய் முதல் புதரில் மூன்று தட்டுத் தட்டினாள். நாங்கள் எல்லோரும் ஆளுக்கொரு கோலோடு வரிசையாக நாலு எட்டுப் பின்னால் வந்து நின்றோம். பேச்சு மூச்சு இல்லை. மிஷின் ஆள் எங்களைப் பார்த்துவிட்டு, அப்போதுதான் கிளப்பிய மிஷினை அணைத்தான்.

"என்னாம்மா பண்றீங்க?" என்றார் சூப்பர்வைசர்.

"நீங்க சொன்ன வேலையத்தான் சார்" என்றேன், அவருக்கு மட்டும் கேட்கிற குரலில். "ஆரம்பிச்சுட்டோம்."